கப்பலில் ஒரு நிலாமுற்றம்

கடற்பயணம் ஒரு காலத்தில் கடமை கருதியும் பிழைப்புக் கருதியுமே மேற்கொள்ளப்பட்டது. இன்று அது விடுமுறை இன்பங்களுள் ஒன்றாகவும் ஆகியுள்ளது. 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சென்னைத் துறைமுகத்தினின்றே உல்லாசப் பயணக் கப்பலொன்று புறப்படத் தொடங்கியபின், நம் கல்லூரியின் பழைய மாணவர் சிலர் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினர். "கப்பலிற் பால்கனி அறை என ஒன்று விலை கூறுகின்றனரே; சாளரமில்லா அறையினும் அது பெருவிலையுடையதாயிருக்கின்றதே; அப்பணத்துக்கு ஈடாக அங்கே பெறுவது யாது?" என்பதே அவ்வினா. விளம்பரப் படங்களில் ஒரு நாற்காலியும், ஒரு தேநீர்க் கோப்பையும், அசைவற்ற நீலக்கடலும், மாலைச் செவ்வானமும் காணப்படும். காற்றையும் உப்பையும் ஓசையையும் கப்பலின் ஆட்டத்தையும் படத்திற் காட்டுதல் இயலாது. ஆயின் அவ்வறையிற் சென்று தங்குவோர்க்கு நேர்படுவன பெரும்பாலும் அவையே. ஆதலின் அவற்றைப் பற்றிச் சிறிது விரித்து எழுதத் துணிந்தோம். மாணவர்க்கு இதன்கண் பௌதிக பாடமும் சிறிது கலந்து வரும், பொறுத்துக்கொள்வார்களாக.

முதற்கண் பெயர். பண்டைத் தமிழர் மாடங்களில் நிலவொளியை நுகர்தற்கென்று திறந்த வெளியொன்று அமைத்து, அதனை நிலாமுற்றம் என்றனர். கப்பலறையின் புறத்தே திறந்து கிடக்கும் சிறு தளத்திற்கு அப்பெயர் பொருந்தும் என்பது எம் கருத்து. கப்பல் நிறுவனத்தார் சிலர் அதனை 'வராந்தா' என வழங்குவர். அச்சொல் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்திற் குடியேறி மீண்டும் கடலேறியிருக்கின்றது. எனினும் 'பால்கனி' என்பதே இன்று எல்லார்க்கும் விளங்குஞ் சொல்லாதலின், ஈண்டு அதனையே ஆள்வோம்.

கப்பலிற் பயணியொருவனுக்கெனத் தனிப் பால்கனி அமைத்தல் மிக அண்மைக்கால வழக்கம். சீகன்பால்குவும் புளூட்சோவும் 1705 நவம்பர் 29-இல் கோபன்கேகனில் 'சோபியா ஹெட்விக்' என்னும் கப்பலேறி, 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியை அடைந்தனர். ஏழு திங்களுக்கு மேற்பட்ட அப்பயணத்திற் கடற்காற்று வேண்டுமென்று எவரும் பணம் கொடுத்திரார். அதனைத் தடுத்தற்கே வழி தேடியிருப்பர். நீராவிக் கப்பல்கள் பெருகிய பின்னரும் அட்லாண்டிக்குப் பெருங்கடலைக் கடப்போர்க்கு அறையென்பது உறங்கும் இடமே. கடலைக் காண விரும்புவோர் எல்லார்க்கும் பொதுவான உலாவுதளத்திற்குச் சென்று போர்வை போர்த்துச் சாய்வு நாற்காலியில் அமர்வர். 1912 ஏப்பிரலில் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலிலே இரண்டே இரண்டு உயர்தர அறைத்தொகுதிகளுக்குத் தனி உலாவிடம் இருந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 அடி நீளம். அவையும் சாளரங்களால் அடைக்கப்பட்டவை. 1927-இற் பயணம் தொடங்கிய இத்தாலியக் கப்பலாகிய 'சாத்தூர்னியா'வில் முதல் வகுப்பறைகள் சிலவற்றுக்குத் தனி வராந்தாக்கள் அமைக்கப்பட்டன. பின்னர் 1984 நவம்பரில் இளவரசி டயானா பெயர் சூட்டிய 'ராயல் பிரின்சஸ்' என்னும் கப்பலில் எல்லா அறைகளும் வெளிப்புறம் நோக்கியனவாக அமைய, அவற்றுட் பலவும் பால்கனி பெற்றன. அதன்பின் கட்டப்பட்ட பெருங்கப்பல்களில் இவ்வழக்கம் விரைந்து பரவிற்று. பழைய பெருங்கப்பல்களில் உயிர்காப்புப் படகுகள் உச்சியில் தொங்கின. அறைகள் அடியில் உடற்பகுதியினுள் அடங்கிக் கிடந்தன. உல்லாசக் கப்பல்களிலோ படகுகள் கீழிறங்கி இடைத்தளமொன்றில் ஒடுங்க, அவற்றின் மேல் வரிசை வரிசையாக அறைகள் ஏறின. இக்காலக் கப்பலைப் பக்கத்திலிருந்து நோக்குவார்க்கு நகரத்து அடுக்குமாடி வீடொன்று நீரில் மிதந்து வருவது போலத் தோன்றுதற்குக் காரணம் இதுவே.

நம் நாட்டினர் கடலை அறிந்த வகை வேறு. 1926-இற் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னுங் கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. அதிற் சென்றாருள் மிகப் பலர் அறையே இல்லாத தளப் பயணிகள். பாயும் பெட்டியுமாகத் தளத்திற் படுத்துச் சென்ற அவர்க்கு முழுக்கடலும் முழுவானமும் கட்டணமின்றிக் கிடைத்தன; மழையும் வெயிலும் அங்ஙனமே கிடைத்தன. அக்கடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, கதவு வைத்து, தனியொருவனுக்கென விற்பதே பால்கனி அறை என்று கூறினும் பிழையாகாது.

இனி, அறைக்குட் செல்வோம். பெரும்பாலான கப்பல்களில் இவ்வறை பால்கனி நீங்கலாக ஏறக்குறைய 15 முதல் 20 சதுர மீட்டர்ப் பரப்புடையது. அகலம் குறைந்து நீளம் மிகுந்திருக்கும். ஏனெனில் கப்பலின் பக்கத்தில் எத்துணை அறைகள் அடங்குகின்றனவோ அத்துணை வருவாய் நிறுவனத்தார்க்கு உண்டு. கதவைத் திறந்தவுடன் ஒருபுறம் குளியலறையும் மறுபுறம் ஆடைப்பேழையும், அப்பாற் கட்டிலும், சிறு சாய்விருக்கையும், மேசையும், முடிவிற் கண்ணாடிக் கதவும் காணப்படும். இவ்வறைகளிற் பல கப்பலிற் கட்டப்பட்டவையே அல்ல. வேறொரு தொழிற்சாலையிற் குளியலறையுடனும் சுவருடனும் முழுப்பெட்டியாகச் செய்து, கட்டுந்துறைக்குக் கொணர்ந்து, மேசையின் இழுப்பறையைச் செருகுமாறு போலச் செருகப்பட்டவை. கண்ணாடிக் கதவுக்கு அப்பாலுள்ள பால்கனி இரண்டு நாற்காலிகளும் ஒரு சிறு மேசையும் கொள்ளும் அளவினது. கால் நீட்டிப் படுக்கலாம் என்று எண்ணிச் சென்றவர் முழங்காலை மடக்கி அமர நேரும். அடுத்த அறையின் பால்கனிக்கும் இதற்கும் இடையே நிற்பது மெல்லிய தடுப்பொன்றே. அயலவர் முகம் தோன்றாது, பேச்சுக் கேட்கும். குடும்பத்தார் அடுத்தடுத்த அறைகளைப் பெற்றிருப்பின், சில கப்பல்களில் அறைப்பணியாளரிடம் கேட்டு அத்தடுப்பைத் திறந்துகொள்ளலாம்.

எல்லாப் பால்கனிகளும் கடலை நோக்குவன என்று கருதுதல் தவறு. 2009-இல் வெளிவந்த 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' என்னும் பெருங்கப்பலின் நடுவே வானந் திறந்த பூங்காவொன்று உண்டு. உயிருள்ள மரஞ்செடிகள் அங்கே வளர்கின்றன. அதனைச் சூழ்ந்த அறைகளின் பால்கனிகள் பூங்காவை நோக்கும், கடல் தோன்றாது. மற்றொரு கப்பலில், உள்ளறையின் சுவரிற் பெருந்திரையொன்றை நிறுவி, வெளியே நிகழும் கடற்காட்சியை அவ்வப்பொழுதே அதில் ஓடவிட்டு, அதற்கும் பால்கனி என்றே பெயரிட்டனர். கடலின் ஓசையும் அதனுடன் கேட்குமாம். காற்றை மட்டும் அனுப்ப இயலவில்லை போலும். ஆதலின் பதிவு செய்வோர் 'பால்கனி' என்னும் சொல்லோடு நில்லாது, அது எதனை நோக்கியது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

கடலை நோக்கும் பால்கனிகளுள்ளும் நலந்தீங்குகள் பல. அவற்றை உறுதிசெய்வது, கப்பலில் அவ்வறை அமைந்த இடமே. அலைமேற் செல்லுங் கப்பல் இருவகையாக ஆடும். அணியமாகிய முன்புறம் எழ, அமரமாகிய பின்புறம் தாழ்தல் ஒருவகை. இடமும் வலமுமாகச் சாய்தல் மற்றொரு வகை. நம் கிணறுகளில் முன்னர் இருந்த ஏற்றத்தை நினைவுகூர்க. ஏற்றமரத்தின் அச்சுக்கருகில் நிற்பவன் சிறிதே அசைவான்; நுனியில் நிற்பவனோ பல முழம் ஏறி இறங்குவான். கப்பலும் அத்தகையதே. நீளத்தில் நடுவிலும், உயரத்திற் கீழிலும் உள்ள அறை குறைவாக ஆடும். அணியத்தை அடுத்து உச்சித்தளத்தில் உள்ள அறை மிகுதியாக ஆடும். பால்கனி அறைகளோ இயல்பாகவே மேற்றளங்களில் இருப்பவை. கப்பலின் இருபக்கத்தும் நீருக்குள் நீட்டப்படும் துடுப்புப் போன்ற தகடுகள் பக்கச் சாய்வைப் பெரிதும் அடக்கும். முன்பின் எழுச்சியை அவை அடக்கமாட்டா. ஆகவே குமட்டல் நோய்க்கு அஞ்சுவோர், விலை மிகுந்தது என்னுங் காரணத்தால் உச்சித்தளத்து அறையை நாடின், பணமும் கொடுத்து நோயும் கொள்வர். அத்தகையோர்க்கு நடுப்பகுதியிற் பால்கனித் தளங்களுள் தாழ்ந்த ஒன்றே ஏற்றது. ஒன்று கூறவேண்டும்: நோய் தொடங்கியபின் பால்கனியில் நின்று அடிவானத்தை உற்று நோக்குதல் பலர்க்கு ஆறுதல் தருகின்றது. உள்ளறையிற் கண்ணுக்கு அசைவு தோன்றாமலும் செவியினுள்ளிருக்கும் சமநிலைக் கருவிக்கு அசைவு தோன்றியும் மூளை மயங்குவதே அந்நோயின் மூலமாதலின், கண்ணும் அசைவைக் கண்டு உடன்படும்பொழுது மயக்கம் குறைகின்றது.

உயரத்தில் ஒரு நலமும் உண்டு, அது தொலைப்பார்வை. நீர்மட்டத்திற்கு மேல் நம் கண் எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளதோ, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆற் பெருக்கின், அடிவானம் எத்தனை கிலோமீட்டர்த் தூரம் என்பது ஏறக்குறைய வரும். 9 மீட்டர் உயரத்துப் பால்கனியிலிருந்து அடிவானம் ஏறத்தாழ 10.7 கிலோமீட்டர், 36 மீட்டர் உயரத்திலிருந்து 21.4 கிலோமீட்டர். உயரம் நான்கு மடங்கானால் தூரம் இருமடங்கே ஆகின்றது. மேலும், உயர்ந்த இடத்திலிருந்து நோக்குவார்க்குத் திமிங்கிலமும் ஓங்கிலும் சிறு புள்ளிகளாகிவிடும். நீரைக் கிட்ட நின்று காணும் இன்பத்தை யாம் பெரிதென மதிப்போம்; பிறர் வேறு கருதலாம்.

தாழ்ந்த தளங்களில் மற்றோர் இடர்ப்பாடு உண்டு. உயிர்காப்புப் படகுகள் தொங்கும் வரிசைக்கு மேலோ எதிரிலோ அமைந்த பால்கனியினின்று கீழ் நோக்கின், கடலுக்குப் பதில் படகின் கூரை தோன்றும். இவற்றை 'மறைந்த காட்சி' என்று குறித்துக் குறைந்த விலைக்கு விற்பர். 2004-இல் முதற்பயணஞ் செய்த 'குயீன் மேரி 2' இதற்குத் தக்க சான்று. வட அட்லாண்டிக்கின் பேரலைகளைத் தாங்கவேண்டிய கப்பலாதலின் அதன் படகுகள் ஏனைக் கப்பல்களினும் உயரத்தில் தொங்கவிடப்பட்டன. ஆகவே 8-ஆம் தளத்துப் பால்கனிகள் பலவற்றின் முன் படகுகள் நிற்கின்றன. அதற்குக் கீழே 4, 5, 6-ஆம் தளங்களிலுள்ள பால்கனிகளோ கப்பலின் எஃகுச் சுவரிலேயே துளைக்கப்பட்டவை. காற்றும் சாரலும் அவற்றிற் குறைவு, நிழலும் மிகுதி. ஆனால் முன்னே நிற்பது கண்ணாடிக் கிராதியன்று, எஃகுச் சுவர். நாற்காலியில் அமர்ந்தவர்க்கு வானமே தோன்றும். கடலைக் காண எழுந்து நிற்கவேண்டும். இதனைக் குறையென்று சொல்லமாட்டோம். குளிர்ந்த கடலில் ஒதுக்கிடம் உள்ள பால்கனியே பயன்படும் பால்கனி.

அமரத்தின் கோடியிற் பின்னோக்கி அமைந்த பால்கனிகளை விரும்புவோர் பலர். கப்பல் உழுதுசென்ற வெண்ணுரைச் சால் நெடுந்தூரம் நீண்டு மறைவதை அங்கிருந்து காணலாம். எதிர்காற்றும் அங்கே தாக்காது. எனினும் இயந்திர அதிர்ச்சி கட்டிலில் உணரப்படும். புகைபோக்கியின் கரித்துகள் சிற்சில வேளை வெண்துணியிற் படியும். படிப்படியாக வெளிநீண்ட அமைப்பாயின் மேற்றளத்தார் கீழ்த்தளத்தாரைக் குனிந்து காண்பர். அணியத்தருகிலுள்ள அறையினர், துறைமுகத்தை அணுகும் விடியற்காலத்தில் நங்கூரச் சங்கிலி இறங்கும் பேரோசைக்குத் துயிலெழுவர். நீச்சற்குளத் தளத்திற்கு நேர் கீழே உள்ள அறையிலோ, வைகறையில் நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் ஓசை தலைமேற் கேட்கும். மேலும் அறைகள், கீழும் அறைகள் என்னுமாறு இடையில் அகப்பட்ட அறையே அமைதியானது.

காற்றைப் பற்றி முன்னரே குறிப்பிட்டோம். கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்திற் செல்கின்றது எனக் கொள்வோம். அது ஏறக்குறைய 37 கிலோமீட்டர். உலகிற் காற்றே வீசாத நாளிலும் அக்கப்பலின் திறந்த தளத்தில் நிற்பவன் முகத்தில் 37 கிலோமீட்டர் வேகக் காற்று வீசும். எதிரே 15 கடல் மைல் வேகக் காற்று வந்தாலோ இரண்டும் கூடி ஏறக்குறைய 65 கிலோமீட்டராகும். காற்றுப் பின்னிருந்து அதே வேகத்தில் வீசின், தளத்தில் ஓர் இலையும் அசையாது, புகை நேரே மேலெழும், புழுக்கம் தாங்காது. பால்கனி, சுவரில் உள்வாங்கிய மாடம் போன்றதாதலின் நேர்காற்றைச் சிறிது தடுக்கும், பக்கக்காற்றைத் தடுக்காது. உலர்த்திய குளியலாடையும் மேசைமேல் வைத்த செய்தித்தாளும் கடலுக்குப் போவது நாள்தோறும் நிகழ்வது. இன்னொன்று: பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது நடைவழிக் கதவையும் திறந்தால், அறை காற்றுக் குழாயாக மாறும், கனத்த கதவு துப்பாக்கி வெடித்தாற்போல் அறைந்து மூடும். விரலிழந்தார் உண்டு. குழந்தைகளுக்கு இதனை முதல் நாளிலேயே சொல்லி வைத்தல் நன்று.

எந்தப் பக்கத்து அறை என்பதும் சிந்திக்கத் தக்கது. வெப்பமண்டலத்திற்கு வடக்கே கிழக்கு நோக்கிச் செல்லும் கப்பலில், வலப்பக்கம் தெற்காதலின் நாள் முழுவதும் வெயில் அங்கே படும். மேற்கு நோக்கித் திரும்புங்கால் இடப்பக்கம் வெயிற்பக்கமாகும். இங்கிலாந்தினின்று இந்தியாவுக்கு வந்த செல்வர், போகையில் இடப்பக்கமும் மீள்கையில் வலப்பக்கமும் அறை கேட்டனர் என்றும், அக்குறிப்பின் ஆங்கில முதலெழுத்துக்கள் கூடியே 'போஷ்' என்னுஞ் சொல் பிறந்ததென்றும் ஒரு கதை வழங்குகின்றது. அங்ஙனம் அச்சிட்ட பயணச்சீட்டு எதுவும் கண்டெடுக்கப்படாமையின் அகராதி ஆசிரியர் அக்கதையை ஏற்பதில்லை; கதை பொய்யாயினும் அதன் பின்னுள்ள சூரியக் கணக்கு மெய்யே. கரையோரமாகச் செல்லும் பயணங்களில், கரை எப்பக்கம் தோன்றும் என்பதைத் தேசப்படத்தில் விரல்வைத்துப் பார்த்தல் வேண்டும். அலாஸ்காவின் பனிக்குடாப் பூங்காவிற் பனியாற்றின் முன் நிற்கும் கப்பல்கள், இரு பக்கத்தாரும் காணும்பொருட்டு நின்ற இடத்திலேயே மெல்லச் சுழலுவது வழக்கம். அத்தகைய வழியிற் பக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டா.

காட்சி எப்பொழுதும் உண்டு என்று எண்ணுதலும் கூடாது. கப்பல்கள் பெரும்பாலும் இரவில் ஓடிப் பகலிற் துறையில் நிற்பவை. இரவிற் கடல் கருமை. நிலவு இல்லையேல் கிராதிக்கு அப்பால் ஒன்றுந் தோன்றாது. பகலிலோ எதிரே துறைமுகத்தின் சரக்குப் பெட்டிகளும் பாரந்தூக்கிகளுமே நிற்கக் காணலாம். தென்முனைக் கடல்களிற் பறவைகள் விளக்கொளியால் மயங்கிக் கப்பலில் மோதி இறத்தலைத் தவிர்க்க, இரவில் திரையிட்டு ஒளியை மறைக்குமாறு பயணிகளைக் கேட்டுக்கொள்வர். நாள் முழுவதும் கடலிலேயே கழியும் நாட்கள் எத்தனை என்று நிரலைப் பார்த்து எண்ணுக. பால்கனிக்குக் கொடுக்கும் பணத்தின் பயன் பெரும்பாலும் அந்நாட்களிலேயே கிடைக்கும்.

இதுகாறும் வசதியைப் பற்றிப் பேசினோம். உயிரைப் பற்றியும் பேசவேண்டும். 2006 மார்ச்சு 23-இல் 'ஸ்டார் பிரின்சஸ்' என்னுங் கப்பல் கிராண்டு கேமனினின்று ஜமெய்க்காவின் மொன்டெகோ விரிகுடாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. விடியற்காலை மூன்று மணியளவில் பால்கனியொன்றில் தீ மூண்டது. அணையாத சிகரெட்டுத் துண்டே பெரும்பாலும் காரணமாகலாம் என்று ஆய்ந்தோர் முடிபு செய்தனர். பால்கனிகளுக்கிடையே நின்ற தடுப்புகள் ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை, நாற்காலிகளும் அத்தகையனவே. கப்பலின் வேகத்தால் வந்த காற்று விசிற, தீ பத்து நிமிடத்திற்குள் பால்கனிக்குப் பால்கனி தாவி, மேற்றளங்களுக்கும், கப்பலினுள் தீ பரவாமைப் பொருட்டுப் பிரிக்கப்பட்ட வேறிரு பகுதிகளுக்கும் ஓடிற்று. அப்பிரிவுச் சுவர்கள் எல்லாம் உள்ளே இருந்தன. வெளியே பால்கனி வரிசை தடையற்ற தெருவாக நீண்டிருந்தது. அறைகளுக்குள் நீர் தெளிக்குங் கருவிகள் இருந்தமையால் தீ உள்ளே பெரிதும் நுழையவில்லை. பால்கனிகளிலோ அக்கருவி இல்லை. பயணியொருவர் உயிர் நீத்தார். 79 அறைகள் முற்றிலும் அழிந்தன. 218 அறைகள் சேதமுற்றன.

பயணிகள் விரும்பிய ஒரு புதுமை கப்பற்கலையின் பழைய பாதுகாப்பு முறையைச் சுற்றிக்கொண்டு சென்றதும், ஒருவர் இறந்த பின்னரே அது புலப்பட்டதும் ஆழ்ந்து கருதத் தக்கன. அவ்வாண்டு டிசம்பரிலேயே கடலில் உயிர்காத்தல் பற்றிய சருவதேச உடன்படிக்கை திருத்தப்பட்டது. 2008 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பால்கனித் தடுப்புகள் எரியாப் பொருளால் ஆதல் வேண்டும். எளிதில் எரியும் இருக்கைகள் இருப்பின் தீயறிகருவியும் நீர்தெளிகருவியும் அங்கும் வேண்டும். முன்னரே கட்டப்பட்ட கப்பல்களும் மாற்றப்பட்டன. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் பால்கனியிற் புகைத்தலை அடியோடு தடுத்துவிட்டன. மெழுகுவத்தி ஏற்றுதல், மின்கருவி வைத்தல் முதலியவற்றுக்கும் தடை உண்டு. பயணி இத்தடைகளைக் கண்டு சலிக்குமுன் அவ்விடியற்காலையை நினைத்தல் நன்று.

கிராதியின் உயரமும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டதே. 2010-இல் அமெரிக்க நாட்டில் நிறைவேறிய சட்டம் கிராதி 42 அங்குலத்திற்குக் குறையலாகாது என்றது. நின்றுகொண்டிருக்கும் ஒருவர் அதனைக் கடந்து தானே விழுதல் அரிது. நாற்காலிமேல் ஏறினாலோ எளிது. சிறு குழந்தைகளுடன் செல்வோர் நாற்காலியைக் கிராதியினின்று விலக்கி வைக்கவும், கதவின் மேற்பூட்டை எப்பொழுதும் பூட்டி வைக்கவும் கடவர்.

பால்கனி ஒரு நிலாமுற்றமாக மட்டும் இராது, மூச்சுவிடும் வழியாகவே ஆன காலமும் ஒன்று வந்தது. 2020 பிப்ரவரியில் 'டயமண்ட் பிரின்சஸ்' யொக்கொஹாமாவில் தடுத்து நிறுத்தப்பட்டது. கொரோனா நோய் அதனுட் புகுந்திருந்தது. பயணியர் 2,666 பேரும் ஊழியர் 1,045 பேரும் அதில் இருந்தனர். பிப்ரவரி 5 முதல் பயணியர் தத்தம் அறையிலேயே அடைபட்டனர். பால்கனியுடையார் கதவைத் திறந்து வெயிலையும் காற்றையும் பெற்றனர். சாளரமில்லா உள்ளறையினரோ பகலும் இரவும் அறியாது கிடந்து, முறை வைத்துச் சிறிது நேரம் தளத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உள்ளறையை மலிவென்று மகிழ்ந்து கொண்டார் அந்நாட்களிற் பட்டதை எண்ணின், பால்கனியை வீண்செலவு என்று முற்றும் இகழ எமக்கு மனம் வரவில்லை.

ஆனால் அக்கப்பலிற் கடைநிலையில் இருந்தோர் உள்ளறைப் பயணியர் அல்லர். ஊழியர்க்கு அவ்வடைப்பும் இல்லை. அவர்கள் உணவு சமைத்து, அறைதோறும் கொண்டுசென்று கொடுத்து, மீண்டு, ஒருங்கிருந்து உண்டு, கூட்டறைகளில் உறங்கினர். அக்கப்பலில் இந்தியர் 138 பேர்; அவருள் 132 பேர் ஊழியர், 6 பேரே பயணியர். தமிழ்நாட்டினரும் அவ்வூழியருள் இருந்தனர். முடிவிற் கப்பலில் இருந்த 3,711 பேருள் 712 பேர்க்கு அந்நோய் கண்டது. நாம் கப்பலேறும்பொழுது நம் பால்கனிக் கண்ணாடியிற் படிந்த உப்பைத் துடைக்க வருபவர் பெரும்பாலும் கீழ்த்தளத்திற் சாளரமற்ற அறையொன்றை மற்றொருவருடன் பகிர்ந்து வாழ்பவர். அவர் நம் ஊரினராகவும் இருக்கக் கூடும். எந்த ஊர் என்று தமிழிற் கேட்டுப் பார்க்க.

இனி, செலவு பற்றி ஒரு சொல். நாள் முழுதும் கப்பலின் கூத்தரங்கிலும் உணவுக்கூடத்திலும் கழிப்போர்க்கும், துறைதோறும் இறங்கி ஊர் சுற்றுவார்க்கும் பால்கனி தேவையன்று. பொது உலாவுதளத்தில் அவர்கள் வேண்டும் அளவு கடலைக் காணலாம். நூல் வாசிப்போர்க்கும், முதியோர்க்கும், கூட்டத்தை வெறுப்போர்க்கும், குழந்தையை உறங்கவைத்துவிட்டு அருகே விழித்திருக்க வேண்டிய பெற்றோர்க்கும் அது தக்கது. அறையெண்ணைக் கூறாது 'ஏதேனும் ஒரு பால்கனி அறை' என்று குறைந்த விலைக்கு விற்கும் முறையும் ஒன்றுண்டு. அதனைக் கொள்வோர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே விற்றுவிடுகின்றனர் என்பதை மறத்தலாகாது. அறையெண் கிடைத்தவுடன் கப்பலின் தளப்படங்களை விரித்து, அவ்வெண்ணுள்ள இடத்திற்கு நேர்மேலும் நேர்கீழும் உள்ள தளங்களில் யாதுளது என்று நோக்குக. மேலே நீச்சற்குளமோ சமையற்கூடமோ கீழே இசையரங்கோ இருப்பின், பணங் கட்டுமுன் வேறறை கேட்டல் இயலும். கட்டிய பின் பெரும்பாலும் இயலாது.